கணவாய் மூடிய நாட்கள்

குத்தாயிசி நகரில் நான்கு மாவு ஆலைகள்.
ஆறு வருட விலைகள் என் மேசையில்,
தெத்ரி தெத்ரியாக.

விலையும் விற்பனையும் சந்தித்த இடம் மட்டும்
எனக்குத் தெரிகிறது.
யார் எந்தப் பக்கமிருந்து வந்தார் என்று
புள்ளி சொல்லாது.
ஊருக்குப் பசி கூடியதால் ஏறியதா,
கோதுமை வராததால் ஏறியதா?
ஒரே எண்ணுக்குள் இரண்டும்
ஒரே போர்வையில் படுத்திருக்கின்றன.

அதனால் பனிச்சரிவுகளைத் தேடிப் போனேன்.
வடக்குக் கணவாயில் கோதுமை வண்டிகள் நின்ற நாட்கள்
முப்பத்தேழு.
சாலைத் துறை ஸவூர்
கோட்டுக் கையால் பதிவேட்டைத் துடைத்துத் தந்தார்.
"பனிக்கும் ரொட்டிக்கும் என்னம்மா?"
பனிக்கு யார் பசியும் தெரியாது.
அந்தச் சாட்சிதான் எனக்கு வேண்டும்.

கணவாய் மூடினால்
மறுநாள் காலையே நால்வரும் ஏற்றினார்கள்.
திறந்தால்
ஒன்பது வாரம்.
இறங்கும்போது மட்டும் விலைக்கு மூட்டுவலி.

இரண்டாம் வருட வசந்தத்தில் மட்டும்
பள்ளி விட்ட பிள்ளைகள்போல விலைகள் சிதறிக் கிடந்தன.
சமன்பாடு கையை விரித்தது.
அடுப்படியில் மாவு தட்டிக்கொண்டே த்ஸிஸானா சொன்னாள்:
ஒரு ஞானஸ்நான விருந்தில்
கோப்பை உயர்த்தி வாழ்த்தை நடத்துவது யார் என்று
ஓதாருக்கும் வாக்தாங்குக்கும் சண்டை.
பதினோரு வாரம் பேச்சில்லை.
பதினோரு வாரம் ஊர் மலிவாகச் சாப்பிட்டது.

ஒரு புதிய நிரல் சேர்த்தேன்.
சண்டை உள்ள வாரம் ஒன்று,
சமாதான வாரம் பூஜ்யம்.

பூஜ்யம் வந்தால் கழுத்தறுப்புப் போட்டி,
ஒன்று வந்தால் நால்வரும் ஒரே ஆள் என்கிற
இன்னோர் அளவுகோலில்
எனக்குக் கிடைத்தது பூஜ்யம் புள்ளி ஏழு.
கூட்டியோ குறைத்தோ புள்ளி இரண்டு.

"அவர்கள் கூடிப் பேசியதைப் பார்த்தீர்களா?"
வக்கீல் கேட்டார்.
இல்லை.
"யாராவது சொன்னார்களா?"
ஒரு விருந்துச் சண்டையைச் சொன்னார்கள்.
நீதிமன்றம் சிரித்தது. நானும்தான்.

கூட்டு இல்லாத ஒரு குத்தாயிசியைக்
கணினியில் கட்டி வைத்திருக்கிறேன்.
அங்கே ஒரு ஷோட்டி ரொட்டி பதினான்கு தெத்ரி குறைவு.
அங்கே யாரும் குடியில்லை.
அந்தப் பதினான்கைத்தான்
நீதிபதி முன்னால் எடுத்து வைத்தேன்,
நடக்காத ஒன்றின் ரசீதுபோல.

தீர்ப்பு இலையுதிர் காலத்தில்.

திரும்பும் வழியில் சூடாக ஒன்று வாங்கி
முனையைக் கிள்ளி நடந்தபடியே தின்றேன்.
கணவாய் திறந்து இன்றோடு நான்கு நாள்.
த்ஸிஸானா கடைப் பலகையில்
சாக்கட்டி எண் இன்னும் அழியவில்லை.