முதல் தேதி

லாரமியில், பல்கலைக்கழகத்துக்கு நாலு தெரு தள்ளி
இந்த வீட்டைப் பார்க்க வந்த அன்று
அப்பா கூடத்துத் தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்தார்.
அது கொஞ்சம் யோசித்துவிட்டு
சமையலறைப் பக்கம் உருண்டு போனது.
"தரை சாய்ந்திருக்கிறது" என்றார்.
"அப்போ விலையும் சாயும்" என்றாள் அம்மா.

மின்கட்டண உறையின் முதுகில் அவள் கணக்கு:
விடுதிக்கு நாலு வருஷம் கட்டுவது
இந்த ஊர்க் காற்றில் விட்ட காசு.
இங்கே அறை நாலு. ஒன்று பெர்னடெட்டுக்கு.
மற்ற மூன்றும் வங்கிக் கடனை அடைத்துவிடும்.
மற்ற மூன்று என்றால்
அப்போது வெறும் அறைகள்தான்.

அப்பா சரக்கு ரயில் ஓட்டுகிறவர்,
போவதைவிட நிறுத்துவதைப் பற்றியே யோசிப்பவர்.
டார்ச்சோடு நிலவறையில் தவழ்ந்து
முழங்காலில் ஈரத்தோடு ஏறி வந்து
கையெழுத்துப் போட்டார்.
பத்திரத்தில் என் பெயரையும் சேர்த்தார்.

செப்டம்பரில் அறைகளுக்கும் பெயர் வந்தது:
மரிசேலா, டோவா, ஜோலீன்.
ஒரே பாத்திரத்தில் நூடுல்ஸ் தின்றோம்.
டோவாவின் காதல் முறிந்த இரவில்
நாலு பேரும் குளியலறைத் தரையில் உட்கார்ந்து
விடியும்வரை அவனைத் திட்டினோம்.

ஆனால் முதல் தேதி என்று ஒன்று வருகிறது.
அன்று காலை வீட்டில் பேச்சு
ஒரு சுருதி இறங்குகிறது.
கதவடியில் உறை, அதன்மேல் என் முழுப் பெயர்.
மற்ற நாளெல்லாம் பெர்னி என்று கத்துகிறவள்
எழுதியதுதான்.

ஜனவரியில், மைனஸ் இருபத்தெட்டில், ஹீட்டர் அணைந்தது.
மூவரும் போர்வையோடு வந்து நின்று
ஹீட்டரைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தார்கள்.
எனக்குப் பத்தொன்பது வயது.
எனக்கும் குளிர்ந்தது.

அப்பா ராலின்ஸில், ஓய்வறையில் இருந்தார்.
தூக்கம் கலையாத குரலில் சொன்னார்:
"குமிழை அழுத்திப் பிடி. தீக்குச்சியைக் காட்டு.
சுடர் பிடித்ததும் விட்டுவிடாதே,
அறுபது எண்ணு."
நிலவறையில் குப்புறப் படுத்து எண்ணினேன்.
பதினெட்டில் ஜோலீன் பக்கத்தில் வந்து படுத்து
டார்ச் பிடித்தாள்.
நாற்பதில் அவளும் எண்ண ஆரம்பித்தாள், முணுமுணுப்பாக.
அறுபதில் கையை எடுத்தேன்.
சிறு நீலம், அணையவில்லை.
நாங்கள் எழுபத்தொன்றுவரை எண்ணினோம்.

பிப்ரவரி முதல் தேதி, மூன்று உறைகள்.
ஜோலீனுடையதில் இருபது டாலர் குறைந்தது,
கூடவே ஒரு சீட்டு:
டார்ச் பிடித்த கூலி.

அம்மா மாதக் கணக்கு கேட்கிறாள்.
இந்த இருபதை எந்த வரியில் எழுதச் சொல்வது,
வரவிலா, செலவிலா?
சீட்டை ஹீட்டர்மேல் ஒட்டி வைத்திருக்கிறேன்.