இருபத்தைந்தாம் துறை

வெல்ட் கீ, கப்பல் முகவர் அலுவலகம், இரண்டாம் மாடி.
அனுப்பு என்று அழுத்திவிட்டுப் போய்
கோப்பி கலக்கிக்கொண்டு வந்தாலும்
சுற்றிக்கொண்டே இருக்கிறதாம் அந்த வட்டம்.
"ரோட்டர்டாமுக்கா அனுப்பினேன்? பக்கத்து மேசைக்கு!"
என்றார் கணக்குப் பிரிவு ரொஹைசா அக்கா.

கேபிளை மாற்றினேன்.
சுவிட்சை அணைத்துப் போட்டேன்.
பிங் அடித்தால் கண்ணிமைக்குமுன் பதில்.
சர்வரோ கைகட்டிச் சும்மா உட்கார்ந்திருக்கிறது.
முதலாளி கூ வாசலில் நின்று
புதிதாய் வாங்க எவ்வளவு என்றார்,
என் சம்பளத்தைப் பார்த்தபடி.

பதிவைத் திறந்தேன்.
10:14:02 இருபத்தைந்தாம் துறையில் ஒருவர் வந்து நின்றார்.
10:14:32 வணக்கம் என்றது சர்வர்.
நடுவே ஒரு வரியும் கிடையாது.
அடுத்தவருக்கும் முப்பது. அதற்கடுத்தவருக்கும்.
களைப்பென்றால் கூடும், குறையும்.
பிசகாத முப்பது என்றால்
யாரோ யாருக்கோ காத்திருக்கிறார்கள்.

கம்பியில் காதை வைத்தேன்.

192.168.4.31, இந்த எண்ணுக்குப் பேர் என்ன?
ஐந்து விநாடி.
பேர் என்ன?
ஐந்து விநாடி.
ஆறு தரம் கேட்டுவிட்டு,
பேர் தெரியாவிட்டால் போகிறது, உள்ளே வா என்கிறது.

கேட்டதெல்லாம் கிள்ளான் கிளையின் பெட்டியிடம்.
கிள்ளான் கிளையை மூடிப் பதினான்கு மாதம்.
மேசை நாற்காலியோடு விற்ற பட்டியலில்
ஏழாவது வரி அது, நூற்றைம்பது வெள்ளி.
கீழே கையெழுத்து: ந. தவமணி.
நான்தான்.

ஒரு கோப்பு போதும்.
எண், கொஞ்சம் இடைவெளி, பேர்.
முப்பத்தொன்று ரொஹைசா,
முப்பத்திரண்டு சரக்குப் பிரிவு வான் அஸ்லி,
முப்பத்து மூன்று கூ.
கழிப்பறைப் பக்கத்து அச்சுப்பொறியின் பேர்
யாருக்கும் தெரியவில்லை.
'மூலை' என்று வைத்தேன்.
நாற்பத்தொரு வரி. சேமித்தேன்.
வந்த கையோடு வணக்கம்.

நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.
"முன்பெல்லாம் அழுத்திவிட்டு
ஃபெரி கரைசேர்வதைப் பார்ப்பேன்,
இப்போது திரும்புவதற்குள் போய்விடுகிறதே"
என்றார் அக்கா.
கூ விலையைப் பற்றி மறுபடி கேட்கவில்லை,
கையெழுத்தைப் பற்றி நானும் வாய் திறக்கவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி.
படிக்கட்டருகே கைரேகைப் பெட்டி
தினம் காலை எட்டுக்குக் கிள்ளானைக் கூப்பிட்டு
மணி என்ன என்று கேட்கிறது.
அது யாரையும் காக்க வைப்பதில்லை.
திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.