விழும் முன் எண்

புரட்டாசி கடைசி ஞாயிறு.
தகரக் கூரைக்கு டயர் ஏற்றுகிறோம்.
பட்டறை துரைமாணிக்கம் தூக்கிப் போட்டவை,
வழுக்கை விழுந்த பன்னிரண்டு.
இவர் மேலே, நான் கீழே.
ஏணியைப் பிடித்துக்கொண்டு
நிறைமதி ஒன்பதாம் வாய்ப்பாடு ஒப்பிக்கிறாள்.

கடைமடை இது.
ஆற்றுத் தண்ணீர் எங்களுக்குக் கடைசியில் வரும்.
புயல் முதலில் வரும்.
அதற்கு எந்த நாடோ பெயர் வைக்கிறது.
வாயில் நுழையப் பழகுவதற்குள்
வந்து போயிருக்கும்.

தொட்டியை நிரப்பி வை, காலித் தொட்டி பறக்கும்.
முருங்கையைக் கழித்து விடு.
மாட்டுக்கு உருவு முடிச்சு போதும்,
ஒரே இழுப்பில் அவிழ வேண்டும்.
ரேஷன் அட்டை, பட்டா, பாஸ்புக், இவளுடைய பிறப்புச் சான்று
எல்லாம் பால் கவருக்குள்,
கவர் தூக்குவாளிக்குள்,
வாளி அரிசி டிரம்முக்குள்.
போன தடவை பீரோவின் மேல் தட்டில் வைத்திருந்தோம்.
பீரோவே போயிற்று.

அந்த ராத்திரியைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன்.
கக்கூசுக்குள் நாங்கள் மூவரும் ஓர் ஆடும்.
வீட்டில் காங்கிரீட் கூரை அதற்கு மட்டும்தான்;
திட்டத்தில் கட்டித் தந்தது,
அதுவரை விறகு அடுக்கியிருந்தோம்.
விடிந்து தள்ளினால் கதவு திறக்கவில்லை.
வெளியே குறுக்கே
தென்னை படுத்திருந்தது.

நாற்பத்தொரு நாள் கரண்ட் இல்லை.
ஜெனரேட்டர்காரர் தொட்டிக்கு இருநூறு வாங்கினார், போனுக்கு இருபது.
மெஹராஜ் பேகம் வீட்டு அடுப்பில்
இரண்டு வீட்டுக்கும் கஞ்சி.
உப்பு போதுமா என்று அவள் கேட்டாளே,
அப்போதுதான் முதல் முறையாக அழுதேன்.
உப்பு சரியாகத்தான் இருந்தது.

தார்ப்பாய் கட்டிய பிறகு பார்த்தால்
அடுப்படியில் வெயில்.
கல்யாணமாகி வந்த நாளிலிருந்து
அங்கே வெயில் விழுந்ததில்லை.
யார் வீட்டிலோ சமைப்பது போல
கரண்டியைத் தேடிக்கொண்டிருந்தேன், கையிலேயே வைத்துக்கொண்டு.

பிறகு கணக்கெடுக்க வந்தார்கள்.
விழுந்த மரத்துக்கெல்லாம் சுண்ணாம்பில் எண்.
பதினேழு என்று எழுதினார் கிராம அலுவலர்.
இருபத்தொன்று சார், என்றார் இவர்.
மீதி நாலு எங்கே வைரக்கண்ணு?
ஆத்தோடு போச்சு சார்.
நல்ல மனுஷர்தான்.
பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் நின்றார்.
மரத்தைப் பார்த்தால்தாம்மா எழுத முடியும்.
நான் குழிகளைக் காட்டினேன்.
குழிக்கு அந்தப் பாரத்தில் கட்டம் இல்லை.

அதனால் இந்த வருஷம்
நிற்கும் மரத்துக்கே எண் போடுகிறோம்.
சிவப்பு பெயிண்ட், கால் லிட்டர்.
ஒன்று முதல் ஆறு வரை,
ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அன்றைய பேப்பரை விரித்துப் பிடித்து
போனில் படம்.
உயிரோடு இருப்பதற்கு இப்படியா எழுதுவார்கள்,
வாய் வைத்தது போல் ஆகிவிடுமே என்கிறாள் நாத்தனார்.
இவர் பதில் சொல்லாமல்
நாலாம் எண்ணைத் திரும்ப எழுதினார்,
பெயிண்ட் ஒழுகியிருந்தது.

புதிதாக வைத்தவை பதினைந்து.
எழுதுவதற்கு அவற்றுக்கு இன்னும் உடம்பில்லை,
தரையிலிருந்தே மட்டை.
நிறைமதி டப்பா மூடிகளில் எழுதிக்
குச்சியில் ஆணியடித்து நட்டாள்,
ஏழு முதல் இருபத்தொன்று வரை.
எட்டைத் தலைகீழாக அடித்துவிட்டாள்.
யாருக்கும் தெரியாது என்கிறாள், உண்மைதான்.

டயர் ஒன்று மிஞ்சியது.
ஊஞ்சல் கேட்டாள்.
தென்னையில் கிளை ஏது,
முருங்கையைத்தான் கழித்துவிட்டோமே.
வாசலில் போட்டு வைத்தோம்.
காலையில் பார்த்தால் சாம்பல் கோழி
அதற்குள் அடைக்கு உட்கார்ந்திருக்கிறது,
எந்தப் பக்கம் கைநீட்டினாலும் கொத்துகிறது.

குஞ்சு பொரிக்க இருபத்தொரு நாள்.
டீக்கடை டிவி
ஐந்து நாள் என்கிறது.