பதினெட்டு சென்டிமீட்டர்

முட்டத்தில் கிணறு வெட்டியபோது
செம்மண் தீர்ந்து சிப்பிப்பாறை தொடங்கும் இடத்தில்
வந்தது அந்தக் கடைவாய்ப்பல்.
பன்றி என்றார் கிணற்றுக்காரர்.
மாடு என்றார் வீட்டுக்காரர்.
மிளா.

துளைக்கும் கருவியை
நாகர்கோவிலில் கடையைக் காலிசெய்த
ஒரு பல் டாக்டரிடம் பாதி விலைக்கு வாங்கியிருந்தோம்.
எனாமலில் மேலிருந்து கீழாக இருபது கீறல்,
கீறலுக்கு ஒரு சிட்டிகை மாவு.
அணுக்களை எடைபார்க்கும் இயந்திரம் எங்கள் கல்லூரியில் இல்லை.
மாவு கூரியரில் போகும்.
மூன்று மாதம் கழித்து எண்கள் வரும்.

கார்பன் மைனஸ் பதினான்கு என்றால் இலை,
நிழலில் விளைந்த இலை.
ஐஸ் பிளாண்டும் குருசடியும் நிற்கிற இந்த மேட்டில்
கிளை கோத்த ஒரு காடு
அலைச்சத்தம் கேட்கும் தூரம்வரை இறங்கி வந்திருக்கிறது.
எண் மேலேறும் இடத்தில் புல்,
காடு கிழிந்து வெயில் விழுந்த இடம்.
ஆக்சிஜன் ஆண்டுக்கு இரண்டுமுறை தாழ்கிறது,
ஆனிச் சாரலுக்கு ஒன்று, ஐப்பசிக்கு ஒன்று.
இரண்டு மழையும் குடித்திருக்கிறது.
எங்கள் ஊர்க்காரி என்பதற்கு
வேறு சான்று வேண்டியதில்லை.

வேர்ப்பக்கம்தான் வம்பு.
நுனி மூடாத வேர். சாகும்போது இளசு.
அங்கே கனத்த நைட்ரஜன்
ஏறிக்கொண்டே போகிறது.
புலிக்கு அப்படி ஏறும். மீன் தின்கிற எங்களுக்கு ஏறும்.
மிளா மீன் தின்னுமா?
மாதிரி கெட்டிருக்கும் என்றார் துறைத்தலைவர்.
மறுபடி அனுப்பினேன்.
மறுபடி அதே.

ஒப்பிட்டுப் பார்க்கக் கரையின் முடி வேண்டியிருந்தது.
சலூன் தரையில் கொஞ்சம், என் சீப்பில் கொஞ்சம்.
எமரன்சியா மைனி
வேளாங்கண்ணிக்கு நேர்ந்து மொட்டையடிக்கும் முன்
பின்னலை அறுத்து கவரில் போட்டுத் தந்தாள்,
வேர்ப்பக்கம் எதுவென்று நான் சொன்னபடி நூல் கட்டி.
அதில் பதினெட்டு சென்டிமீட்டர் எடுத்துக்கொண்டேன்.
மாதத்துக்கு ஒன்று.

நுனியில் சாளை, அயிலை, மரச்சீனி.
ஒரு திருமுழுக்கு விருந்து, தொடர்ந்து பல நாள்
சோளம் தின்ற பிராய்லர் கோழி.
வேரிலிருந்து ஏழாவது சென்டிமீட்டரில் புயல்,
ததேயுஸ் அண்ணனின் வள்ளம் திரும்பாத மாதம்.

அன்றிலிருந்து மைனி மீன் தொடவில்லை.
கடல் என்னத்தத் தின்னுதுன்னு தெரியாம
அதுல வந்தத நான் எப்படித் தின்ன, என்றாள்.

நைட்ரஜன் விழவேண்டும்.
விழும் கோட்டைப் பென்சிலால் முன்கூட்டியே போட்டு வைத்திருந்தேன்.
ஏறியிருந்தது.

வெளியிலிருந்து ஒன்றும் வராதபோது
உடம்பு தன் சதையை எடுத்துச் சமைக்கிறது.
இயந்திரத்துக்கு அதுவும் இறைச்சி.
யாருடையது என்று கேட்காது.

இரண்டு வரைபடத்தையும் ஒரே திரையில் வைத்தேன்.
மிளா. மைனி.
நடுவில் எத்தனை ஆயிரம் ஆண்டு என்று
இன்னும் கணக்கிடவில்லை, அதற்குத் தனிச் செலவு.
அட்டவணையில் ‘உணவு’ என்றொரு கட்டம்.
இரண்டு இடத்தில் காலியாகக் கிடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போனேன்.
முடி காதுவரை வளர்ந்திருக்கிறது.
நான் என்னத்தத் தின்னேன்னு கண்டுபிடிச்சியா மக்ளே?
மரச்சீனி, என்றேன்.
அதுக்கு இவ்வளவு துட்டா, என்று சிரித்தாள்.
பிள்ளைகளுக்காகச் சாளை கழுவிக்கொண்டிருந்தாள்,
செதில் முழங்கைவரை ஒட்டியிருந்தது.
கட்டன்சாயா குடித்தேன்.
சோறு போடும் நேரம்வரை இருக்கச் சொன்னாள்.
பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்துவிட்டேன்.

இன்று தின்றிருந்தால்
முடியில் வர ஒரு வாரம் ஆகும்.