ஸ்பாஞ்சு

தாராவி தொண்ணூறடி ரோட்டு மாடியில்
இரவு பன்னிரண்டரைக்கு
தையல் மெஷினில் சாய்த்துவைத்த போனுக்குள்
ஐம்பத்தேழு கிலோ அரையிறுதி.

மூன்றுக்கு மூன்று.
ஆனாலும் நீலம் தோற்றானாம்:
கடைசிப் புள்ளி சிவப்புக்கு.

"சமம்னா சமம்தானே"
அரை இந்தியில் கத்தினான் இஷ்தியாக்.
"கடைசியா எடுத்தவன்தான் ஆளு"
பீடியை அணைத்தான் மரியசெல்வம்.

நீலத்தின் கோச் ஒரு ஸ்பாஞ்சுக் கட்டையை
மெத்தை நடுவே எறிந்தார்.
திரும்பப் போட்டார்கள்,
மெதுவாக, இன்னும் மெதுவாக.
ஒரு குதிகால், ஒரு கோடு,
குனிந்து பார்க்கும் மூன்று பேர்.
முறையீடு செல்லவில்லை.
கேட்டதற்காகவும் ஒரு புள்ளி போனது.

"கேட்டதுக்கு அபராதமா?"
இஷ்தியாக் என் பக்கம் திரும்பவில்லை.

அன்று காலைதான்
அவன் தைத்த பைகளில் பதினொன்றைத் தள்ளியிருந்தேன்.
அரை நூல் வளைவு.
ட்யூப்லைட் வேறு மினுக்கிக்கொண்டிருந்தது.
பார்த்தது நான் ஒருத்தன்,
ஒரே தடவை.

மறுநாள்
பன்னிரண்டாவதன் மேல் சாக்பீஸ் வைக்கையில்
மேஜையில் வந்து விழுந்தது
கைப்பிடிக்குள் வைத்துத் தைக்கிற
ஸ்பாஞ்சுத் துண்டு.

யாரும் சிரிக்கவில்லை.
மெஷின்கள் நின்றிருந்தன.

பையை எடுத்துக்கொண்டு
ஜன்னலுக்குப் போனேன்.