அரைக் கிலோ

ஆணியை நான் எண்ணி விற்பதில்லை.
எடைதான்.
ரெண்டு இஞ்ச், அரைக் கிலோ.
பேப்பரில் எப்படிப் பொட்டலம் கட்டினாலும்
ஒரு மூலையைக் கிழித்துக்கொண்டு
ஒன்று எட்டிப் பார்க்கும்.

எதுக்குங்க என்று கேட்கவில்லை.
கடைக்காரன் கேட்கிற கேள்வியா அது?

தீர்த்தகிரிக்கு உருக்காலையில் முப்பத்தோரு வருஷம்.
வந்த பணத்தில் அழகாபுரத்தில் மூலை வீடு.
ஏற்காட்டு நர்சரியில் கொரியன் புல் வாங்கி
ஈரச் சாக்கில் சுற்றி
இருபது கொண்டை ஊசி வளைவும்
மடியிலேயே வைத்து இறக்கிவந்தார்.
ஆனால் மூலை வீடு.
பஸ்ஸுக்கு ஓடுகிறவனுக்கு
குறுக்கே ஒரு நேர்கோடுதான் தெரியும்.

முதலில் பலகை: 'புல்லில் நடக்காதீர்.'
அதன் தலையில் யாரோ டீக்கப்பைக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள்.
வெள்ளையடித்த கல் வைத்தார்.
கல்யாண மண்டபத்து வேன் டிரைவர்கள்
அதில் உட்கார்ந்து சீட்டாடினார்கள்.
அப்புறம் கணுக்கால் உயரத்துக்குத் தூண்டில் நரம்பு.
பால்காரர் பச்சமுத்து தடுக்கி விழ
அரை கேன் பாலைப் புல் குடித்தது.
அன்றைக்கே பேசியிருக்க வேண்டும்.
சிரித்தோம்.

பலகை, சுண்ணாம்பு, நரம்பு,
எல்லாம் என் கடைதான்.

கோகிலவாணி செவ்வாய்ப்பேட்டையில்
கொலுசுப் பட்டறைக்குப் போகிறவள்.
மார்கழி, ஆறு மணி, பாதி இருட்டு.
யார் யார் காலுக்கோ முத்து பற்றவைக்கிறவள்
ஒற்றைக் காலில் நொண்டி வந்து என் ஷட்டரைத் தட்டினாள்.
ஹவாய் செருப்புக்குக் கீழே
எலுமிச்சம்பழ அளவில் ஒரு சிமெண்ட் உருண்டை.
தட்டி உடைத்தேன். உள்ளே ஆணித்தலை.
கட்டம் கட்டமாய்க் கீறின தலை,
இந்தப் பக்கத்தில் நான் மட்டும் வைத்திருக்கிற கம்பெனி.
தெரியாதவன் மாதிரி
ஆட்டோ பிடித்துக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மெய்யழகன் வீட்டு மொட்டை மாடியில் கூட்டம்.
செருப்பை நடுவில் வைத்தார்கள்.
"என் புல்லு" என்றார் தீர்த்தகிரி.
டேப் பிடித்துப் பார்த்ததில்
காம்பவுண்டிலிருந்து நாலரை அடி மாநகராட்சியுடையது.
"அப்ப மாநகராட்சியே வந்து தண்ணி ஊத்தட்டும்."
போலீஸ் என்றார்கள். ஊசிச் செலவு என்றார்கள்.
"இந்தப் பொண்ணு ஏன் ரோட்டுல போகல?"
என்று ஒரு குரல்.
தலையாட்டியவர்கள் ஐந்து பேர்.
என்னைச் சேர்க்காமல்.

கட்டுப் போட்ட காலை நாற்காலிக் கம்பியில் தூக்கி வைத்தபடி
அவள் ஒன்றுதான் சொன்னாள்:
"ரோட்டுல சாக்கடைத் தண்ணி நிக்குதுங்க.
ஆறு மாசமா."

ஆணி எந்தக் கடை என்று
யாரும் கேட்கவில்லை.
ஆணி எல்லார் வீட்டிலும் இருக்கிறது.

பிடுங்குகிறேன் என்று ஒத்துக்கொண்டார்.
ஒரு வாரம், டார்ச்சோடு, குத்துக்காலிட்டு.
காந்தம் கேட்டு வந்தார், கொடுத்தேன்,
காசு வாங்கவில்லை.
எட்டாம் நாள் பெயிண்ட் டப்பாவைக் கொண்டுவந்து
கல்லாவில் கவிழ்த்தார்.
பாதி உடைந்த உருண்டைகள், மண், துரு.
"நூத்தி எண்பத்தேழு" என்றார்.
"அரைக் கிலோவுக்கு எத்தன நிக்கும்?"

அவர் கை நடுங்கியதை
நான் முன்பு பார்த்ததில்லை.

ராத்திரி கடையைச் சாத்திக்கொண்டு
அரைக் கிலோ நிறுத்து எண்ணினேன்.
நூற்றுத் தொண்ணூற்றொன்று.
இன்னொரு தரம் அள்ளினேன். நூற்று எண்பத்தெட்டு.
மூன்றாவது தரம் பாதியில் விட்டுவிட்டேன்.
எனக்கு ஞாபகம் வந்துவிட்டது:
வாடிக்கைக்காரர் ஆயிற்றே என்று
தராசிலிருந்து இறக்கின பிறகு
ஒரு கை அள்ளிப் போட்டேன்,
கொசுறு.

அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

இப்போது யாரும் குறுக்கே போவதில்லை.
புல் செழித்துக் கிடக்கிறது.
அவரும் கால் வைப்பதில்லை.
தினமும் சாயங்காலம் நீளமான ஹோஸ் பிடித்துத்
தண்ணீர் விடுகிறார்,
ரோட்டில் இருந்தபடி,
வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு
அந்தச் சாக்கடைத் தண்ணீரில் நின்று.