நான்கு நாற்காலிகள்

பள்ளி வாசலில் ஒருவன் கத்தியோடு நின்றான் என்று
போன் வந்த மறுநாள்
கிரீசனை நான் அனுப்பவில்லை.
ஒரு வாரம் என்றுதான் நினைத்தேன்.
மூன்று வருடம் ஆகிவிட்டது.

டர்பனில், மீர்பேங்கில், எங்கள் சாப்பாட்டு மேசைதான்
ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு, இப்போது பதினொன்று.
சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து காற்றடித்தால்
ஜன்னலைச் சாத்துவோம்.
வெளியுலகம் எங்கள் வகுப்புக்கு
நாற்றமாகத்தான் வந்துபோனது.

கணக்கில் சைன், காஸ் வரை நானும் கூட வந்தேன்.
அதற்கப்புறம் விடையை முதலில் பார்த்துவிட்டுத்
தெரிந்தவள்போல் தலையாட்டினேன்.
அவனுக்குத் தெரியும்.
ஒருநாளும் சொன்னதில்லை.

வேதியியலுக்கு
அரிசி அளக்கும் குவளை,
சிவப்பு முட்டைக்கோஸ் சாறு, வினிகர்.
நிறம் மாறியபோது இருவரும் கைதட்டினோம்.
பியூரெட் அவனுக்கு வெறும் படம்;
கடைசிச் சொட்டுக்கு முன் கை நடுங்குமாமே,
அந்த நடுக்கம் அவனுக்கு வாய்க்கவே இல்லை.

ஜூலு மொழியில் உரையாடல் பயிற்சி:
இரண்டு நண்பர்கள் சந்தையில் சந்திக்கிறார்கள்.
முதல் நண்பன் அவன். இரண்டாவது நான்.
வெங்காயம் உரித்துக்கொண்டே
என் வரிகளைப் படித்தேன்.
போன மாதம் டாக்சியில்
காசு வாங்கும் பையன் என்னவோ கேட்க,
இவன் பாடப்புத்தகம்போல முழு வாக்கியத்தில்
பதில் சொன்னான்.
வண்டியே சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை.
கூடச் சேர்ந்து சிரிக்கலாம் என்று
இவனுக்குத் தோன்றவில்லை.
இறங்கும்வரை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தான்.

வாதாடப் பழகட்டும் என்று
மரண தண்டனை சரியா, தவறா என்று கேட்டேன்.
நான் என்ன சொல்வேன் என்பது
வாய் திறக்கும் முன்பே அவனுக்குத் தெரிந்திருந்தது.
ஐந்து நிமிடத்தில் ஜெயித்தான்.
ஜெயித்தவன் முகம் அப்படி இருக்கக்கூடாது.

பிறகுதான் ஓவன் மணியைக் கவனித்தேன்.
நாற்பத்தைந்து நிமிடத்துக்கு அவனே திருகி வைக்கிறான்.
அடித்ததும் புத்தகங்களை அள்ளிக்கொண்டு
ஜன்னலோர நாற்காலியை விட்டு
பிரிட்ஜ் பக்கத்து நாற்காலிக்குப் போகிறான்.
அடுத்த மணிக்கு அடுத்தது.
துணி மடிப்பதுபோல் நின்று பார்த்தேன்.
நான்காவதற்குப் போகும் வழியில்
யாருக்கோ இடம் விட்டு ஒதுங்கினான்.

இன்று சீருடைக் கடையில் நிற்கிறேன்.
ஏன் இவ்வளவு நாள் என்று அவன் கேட்பான்.
கேட்கட்டும்.
கடைக்காரப் பெண் தோளில் நாடாவைப் போட்டுக்கொண்டு
பையன் வரவில்லையா என்கிறாள்,
வயதுக்கு நெட்டையா, குட்டையா?

காலை முதல் இரவுவரை
கண்முன்னே வைத்திருந்தேன் அவனை.
இருந்தும் சொல்லத் தெரியவில்லை.
பக்கத்தில் நிறுத்திப் பார்க்க
யாரும் இருந்ததில்லை.